வீட்டிலேயே கழுவிய கால்கள்

1

நம் பங்குக் கோவில் மலரின் இந்தப் பக்கத்தில் வழக்கமாக டொரண்டோ, துபாய், மெல்பர்ன் என்று விமானம் ஏறிப் போனவர்கள்தான் எழுதுவார்கள். பனி பெய்ததாகவும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கேக் கொடுத்ததாகவும் எழுதுவார்கள். நான் கடல் தாண்டவில்லை. திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளைத் தாண்டினேன். அதிலும் பத்தொன்பதாவது வளைவில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துவிட்டுத்தான் தாண்டினேன். மைசூரு என்ன வெளிநாடா என்று நீங்கள் கேட்பீர்கள். பெற்ற மகள் என்னிடம் 'சும்மா இருங்க' என்று சொல்லாமல் 'சும்னே இருங்க' என்று சொல்லும் ஊர் எனக்கு வெளிநாடுதான்.

இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஓர் ஊதுபத்தி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். காலையிலிருந்து மாலைவரை மற்ற சாமிகளுக்கு வாசனை அனுப்பிவிட்டு, மிச்ச வாசனையோடு நம் சாமியிடம் போகிறவன். கோவிலில் நான் உட்கார்ந்த பெஞ்சை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள்.

இதை எழுத வைத்தது ஒரு போட்டோ. ஒவ்வொரு பெரிய வியாழன் மாலையிலும் ஊரிலிருந்து என் தம்பி அருளப்பன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவான். அவனுடைய வலது கால். விரலிடுக்கில் தண்ணீர் மினுங்கும். ஓரத்தில் வெள்ளை அங்கியின் விளிம்பு தெரியும். கீழே ஒரே ஒரு வரி: 'முடிஞ்சதுண்ணே.'

நான் 'நல்லது' என்று பதில் போடுவேன். அது பொய். அந்தக் காலை ஃபோனுக்குள் கையை விட்டு இழுக்க முடிந்தால் இழுத்திருப்பேன்.

2

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த மலரைப் பேரப்பிள்ளைகளும் படிப்பதால் சொல்லிவிடுகிறேன். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. நம் ஊரில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புத் துணி, முடிந்ததும் ஆளுக்கொரு பன்ரொட்டி. நாற்காலி குடும்பத்துக்குக் குடும்பம் வரும். எங்கள் வீட்டுக்குக் கடைசி நாற்காலி. அதில் உட்கார்ந்தால் யூதாஸ் என்று கேலி செய்வார்கள் என்பதால் ஒரு காலத்தில் யாரும் அதை வாங்கவில்லையாம். எங்கள் அப்பா வாங்கிக்கொண்டார். 'யூதாசுக்கும் காலக் கழுவித்தானய்யா விட்டாரு' என்பார்.

அப்பாவுக்குப் பிறகு அந்த நாற்காலி மூத்த மகனுக்கு வர வேண்டும். அதாவது எனக்கு. ஆனால் அவர் இறந்த வருஷம் நான் மைசூரில் சந்தனத் தூள் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்காலி காத்திருக்காது. அருளப்பன் உட்கார்ந்தான். ஒரு பருவம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் கால் வேர் விட்டுவிட்டது.

3

மைசூரில் ஒரு கத்தோலிக்கன் கோவிலில் அங்கத்தினன் ஆவது, ஆதார் அட்டையில் பெயரைத் திருத்துவதைவிடக் கொஞ்சம்தான் எளிது. ஊர்ச் சாமியாரிடமிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள். கடிதம் வந்தது. தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில் வந்தது. அதில் திருமணப் பதிவு எண் இல்லை என்றார்கள். அந்த எண் வருவதற்குள் நம் சாமியார் மாறிப் போயிருந்தார். புதியவர் என்னைத் தெரியாது என்று எழுதினார். அதுவும் உண்மைதானே. பதினொரு மாதம் கழித்துக் குடும்ப அட்டை கையில் வந்தபோது, என் மனைவி லூர்து அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இங்கேயும் பன்னிரண்டு நாற்காலி உண்டு. ஆனால் மொழிவாரியாக. கன்னடத்துக்கு ஐந்து, தமிழுக்கு மூன்று, கொங்கணிக்கு இரண்டு, மலையாளத்துக்கு இரண்டு. இயேசுவின் கலிலேயாவில் இல்லாத மாநிலச் சீரமைப்பு. தமிழுக்கான மூன்றில் ஒன்று எனக்கு வரும் என்று முதல் வருஷத்திலிருந்து காத்திருந்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. நாமாகக் கேட்டால் மரியாதை என்ன ஆவது? அவர்களாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

அவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு.

எட்டாவது வருஷமோ என்னவோ, செம்பு பிடிக்கிறவருக்குக் காய்ச்சல். என்னை நிறுத்தினார்கள். செம்பு ஊற்றுவதை லேசாக நினைக்காதீர்கள். அதிகம் ஊற்றினால் சாமியாரின் அங்கி நனையும். குறைத்து ஊற்றினால் சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி ஆகிவிடும். வெதுவெதுப்பாக, கணுக்காலில் ஆரம்பித்து, கட்டை விரலில் முடிய வேண்டும். மூன்று வருஷம் சிந்திச் சிந்திக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னை யாரும் விடவில்லை. வேலையை நன்றாகச் செய்ததுதான் நான் செய்த தப்பு. பதினான்கு வருஷமாக மற்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எல்லோரும் வீட்டிலேயே காலைக் கழுவிவிட்டு வருகிறார்கள். சாமியார் தொடப் போகிறாரே என்று சோப்பு, பிரஷ், பவுடர். ஒரு கொங்கணிக்காரர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார். ஓர் அம்மா நகத்துக்கு ரோஸ் நிறப் பூச்சுக்கூடப் பூசியிருந்தார். பன்னிரண்டு காலையும் கழுவி முடித்த பிறகு பாத்திரத்துத் தண்ணீரில் டீ போடலாம். அவ்வளவு சுத்தம். அதை வளாகத்துச் செண்பக மரத்தடியில் ஊற்றுவதும் என் வேலைதான்.

நான் மட்டும் யோக்கியனா? கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் பித்தவெடிப்பைக் கல்லில் தேய்ப்பேன். லூர்து அக்கம்பக்கத்தில் சொல்லுவாள்: "தவக்காலத்துல மத்தவுக கறிய விடுவாக. எங்க வீட்டுக்காரரு பித்தவெடிப்ப விடுறாரு."

4

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். தமிழ் மூன்றில் இரண்டு பேர் பழைய ஆட்கள். மூன்றாவது பெயர் சின்னப்பன்.

சின்னப்பன் யார் என்று நீங்கள் கேட்க வேண்டும். நானும் அதைத்தான் கேட்டேன். எல்லையோர ஹனூர் பக்கத்துத் தமிழர். பூச்சு வேலைக் கொத்தனார். மைசூருக்கு வந்து மூன்று மாதம். குடும்ப அட்டை கிடையாது, கடிதம் கிடையாது, பதிவு எண் கிடையாது. தமிழ்க் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடும் எங்கள் அன்பிய ஜெபத்துக்கு நான்கு தடவை வந்திருக்கிறார். வந்த முதல் நாளே, என் இடத்தில் உட்கார்ந்து, 'ஆண்டவரே, இந்த வீட்டு அண்ணனுக்கு முழங்கால் வலி தீரட்டும்' என்று எனக்காகவே ஜெபித்தார். முழங்கால் வலி தீர்ந்தும் போனது. அது இன்னும் எரிச்சல்.

மகள் ஷெரினிடம் பட்டியலைக் காட்டினேன். கல்லூரியில் படிக்கிறாள், கன்னடப் பாடகர் குழுவில் பாடுகிறாள். தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. 'அங்க பாட்டு ஸ்லோ' என்பது அவளுடைய இறையியல்.

"மூணு மாசம்டி. மூணே மாசம்."

"அதுக்கு?"

"நான் இருபத்திரண்டு வருஷம்."

"அப்பா, இது என்ன பஸ் க்யூவா? சும்னே இருங்க."

பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் போனேன். கன்னடக்காரர், ஆனால் எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். விஷயத்தை நேராகச் சொல்லாமல், அட்டை இல்லாதவர்கள் பெயர் பட்டியலில் வந்தால் அலுவலகத்தில் சிக்கல் வருமே என்று பொதுநலமாகப் பேசினேன்.

அவர் சிரித்தார். "அந்தோணி, சின்னப்பன் வந்து கேட்டான். 'சாமி, எனக்கும் ஒரு நாற்காலி கெடைக்குமா'ன்னு. நான் கொடுத்தேன்."

"கேட்டா குடுத்துருவீங்களா ஃபாதர்?"

"ஹௌதப்பா, ஆமா. நீ என்னைக்காவது கேட்டியா?"

கேட்டால் கிடைக்கும் என்று ஞானோபதேச வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பிள்ளைகளுக்கு என்று நினைத்துவிட்டேன்.

"மத்தபடி நீ உக்காந்தா செம்பு யாரு பிடிக்கறது?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

5

தமிழ் அன்பியத்துப் பொறுப்பாளன் நான். எனவே, தமிழர் மூவருக்கும் நேரம் சொல்ல வேண்டியவனும் நானே. பூசை மாலை ஐந்தரைக்கு. புதன்கிழமை மதிய இடைவேளையில், ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, மற்ற இருவருக்கும் ஐந்தரை என்று சொன்னேன். சின்னப்பனுக்கு ஃபோன் போட்டபோது வாயில் வேறு வந்தது.

"நாளைக்கு ஆறரைக்கு, சின்னப்பா."

"சரிங்கண்ணா. அப்ப அரை நாள் லீவு போட வேண்டியதில்லீங்க. அஞ்சரைக்கு வேலை விட்டு, குளிச்சுப்போட்டு, சட்டை மாத்திட்டு வந்தர்றனுங்க. ரொம்ப சந்தோசமுங்கண்ணா. ஊர்ல அம்மாகிட்டக்கூடச் சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். வாய் தவறிவிட்டது, ஐந்தரை என்று சொல்ல மூன்று வினாடிகூட ஆகாது. நான் ஃபோனை வைத்தேன். வைத்துவிட்டு மல்லிகை வாசனைப் பெட்டிகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் வெவ்வேறு எண்ணிக்கை வந்தது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே கோவிலுக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நாற்காலிகளையும் நானே வரிசையாகப் போட்டேன். கடைசி நாற்காலியைத் துணியால் இரண்டு முறை துடைத்தேன். என் குதிகால் அன்று குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. பூசை தொடங்கியது. பதினொரு நாற்காலிகள் நிரம்பின. சுவிசேஷம் வாசித்து, சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தார். காலி நாற்காலி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செம்பைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு, போய் உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் நான் ஏழெட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்திருப்பேன். சாமியார் அன்பைப் பற்றித்தான் பேசினார். நான் அருளப்பனுக்கு அனுப்பப்போகும் படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கால் எந்தக் கோணத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. சின்னப்பன்.

வேலை இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையில் சுண்ணாம்பு. முடியில் தூசு. செருப்பை வெளியே விட்டிருந்ததால் கால் முழுதும் தெரிந்தது. கணுக்கால்வரை சிமெண்ட். விரலிடுக்கில் காய்ந்து, நகத்தோடு நகமாகப் படிந்திருந்தது. நாற்காலியில் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. 'இருங்க, இருங்க' என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, தூணோரமாக ஒதுங்கி, ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அன்பினால் எழுந்தேன் என்று எழுதத்தான் ஆசை. மலரில் அச்சாகும்போது நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், பாடகர் குழுவில் நின்ற ஷெரின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அவள் ஃபோன் இருந்தது. யார் சின்னப்பனைக் கூப்பிட்டது என்று புரிந்துவிட்டது. என் கால் என்னைக் கேட்காமல் எழுந்தது. போய்ச் செம்பை எடுத்தேன்.

6

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். பதினொரு கால்கள் வழக்கம்போல். தண்ணீர் பளிங்கு.

பன்னிரண்டாவது காலின் முன் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டார். "நேரமாயிடுச்சா சின்னப்பா?"

என் கையில் செம்பு ஆடியது. இப்போது சொல்லப்போகிறார், அந்தோணி அண்ணன்தான் ஆறரை என்றார் என்று.

"நேரத்த நான்தான் தப்பா வெச்சுக்கிட்டனுங்க சாமி. காலு இப்படிக் கெடக்குது. வேண்டாமுங்க, விட்ருங்க."

சாமியார் விடவில்லை. "அந்தோணி, தண்ணி" என்றார்.

ஊற்றினேன். பாத்திரத்துத் தண்ணீர் சாம்பல் நிறமானது. பதினான்கு வருஷத்தில் அந்தத் தண்ணீருக்கு ஒரு நிறம் வந்து நான் பார்த்ததில்லை. சாமியார் தேய்த்தார். இன்னும் என்றார். ஊற்றினேன். செம்பு காலியானது, அதுவும் முதல் தடவை. உள்ளே ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். பாடகர் குழு பாட்டின் எல்லாச் சரணத்தையும் பாடி முடித்து, வேறு வழியில்லாமல் பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. சிமெண்ட் என்ன பாவமா, சொன்னவுடன் போக? விரலிடுக்கில் கெட்டியாக நின்றது.

அந்த அழுக்கு அவருடையது அல்ல. நான் ஐந்தரை என்று சொல்லியிருந்தால் அரை நாள் லீவு போட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, எல்லோரையும்போலப் பவுடர் போட்டு வந்திருப்பார். அது நான் புதன்கிழமை மதியம் ஃபோனில் ஊற்றிய சிமெண்ட். கோவில் நிறைய ஆட்கள் பார்க்க அந்த மனிதர் காலைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

செம்பைக் கீழே வைத்தேன். செம்பு பிடிக்கிறவன் செய்யக்கூடாத வேலை அது. முழங்காலிட்டேன் (இவர் ஜெபித்துக் குணமான அதே முழங்கால்). கட்டை விரல் நகத்தால் இடுக்கு இடுக்காகச் சுரண்டினேன்.

"அண்ணா, வேண்டாமுங்க" என்றார் சின்னப்பன், உதடு அசையாமல்.

"பேசாம இருப்பா" என்றேன், நானும் உதடு அசையாமல்.

சாமியார் நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு துடைத்தார். குனிந்து முத்தம் கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் உதட்டோரத்தில் லேசாகச் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதோடுதான் மீதிப் பூசையை வைத்தார்.

7

பூசை முடிந்து, பாத்திரத்தைச் செண்பக மரத்தடிக்குக் கொண்டு போனேன். தண்ணீரை ஊற்றியதும் அடியில் சாம்பல் வண்டல் தங்கியது. அதைக் கையால் வழித்துக்கொண்டிருந்தபோது சின்னப்பன் செருப்பு மாட்ட வந்தார். இப்போது சொல்லாவிட்டால் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்ல வேண்டி வரும். இவரிடம் சொல்வது எளிது என்று நினைத்தேன். எளிதாக இல்லை.

"சின்னப்பா, ஆறரைன்னு நான் வேணும்னேதான் சொன்னேன்."

"தெரியுமுங்கண்ணா."

"எப்படித் தெரியும்?"

"வேலை விடற நேரத்துல பாப்பா ஃபோன் பண்ணுச்சுங்க. 'அப்பா எத்தன மணின்னு சொன்னாரு'ன்னு கேட்டுச்சு. ஆறரைன்னனுங்க. 'எங்கப்பாவ எனக்குத் தெரியும், ஒடனே கெளம்பி வாங்க'ன்னு சொல்லிப்போட்டு வெச்சிருச்சு."

வெளிநாட்டில் பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று எத்தனையோ பேர் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். என் பிள்ளை என்னை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று தெரியாது. ஆனால் என்னை நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள்.

"தெரிஞ்சுமா சாமியார்கிட்ட உன் தப்புன்னு சொன்ன?"

அவர் செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார். "உங்க கையில செம்பு இருந்துச்சுங்களே. நடுங்கிட்டு இருந்துச்சு. எங்க கீழ போட்டுருவீங்களோன்னு பயமாப் போச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் என்னவோ வந்தது. வண்டல் கையால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டது. அவர் தன் துண்டைக் கொடுத்தார்.

"அண்ணா, அடுத்த வருசம் நீங்க உக்காருங்க. செம்பு நான் புடிக்கறனுங்க. சாமிகிட்டக் கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

"அதையும் கேட்டுட்டியா?"

"கேட்டாத்தானுங்களே." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணுங்க. வூட்ல கழுவிட்டு வராதீங்க. ஊத்தறதுக்கு எனக்கும் வேலை இருக்கோணுமில்லீங்க."

பையில் ஃபோன் அதிர்ந்தது. அருளப்பன். வலது கால், ஈரம், வெள்ளை அங்கியின் விளிம்பு. 'முடிஞ்சதுண்ணே.' சின்னப்பனிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி, ஒரு கொத்தனார் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே கழுவின காலுங்கண்ணா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'நல்லது' என்று போடாமல், 'தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?' என்று கேட்டேன். 'தண்ணி நிறத்துலதாண்ணே. ஏன்?' என்றான். அன்றிலிருந்து அவன் மேல் பொறாமை இல்லை.

எல்லாப் பொறாமையும் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பித்தவெடிப்புக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போர்வையில் என் குதிகால் மாட்டி நூல் நூலாக வருகிறது என்று லூர்து திட்டுகிறாள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப்பன் செம்பு ஊற்றிப் பழக வேண்டும் என்றார். செண்பக மரத்தடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலைப் பாத்திரத்தின் மேல் நீட்டினேன். ஷெரின் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். எத்தனை தடவை சிந்துவார் என்று மனத்துக்குள் எண்ணத் தயாராக இருந்தேன்.

கணுக்காலில் ஆரம்பித்து, கட்டை விரலில் முடித்தார். பாத்திரத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழவில்லை.

எனக்கு அதற்கு மூன்று வருஷம் ஆனது. வயிறு எரிகிறது.